பாசியிலிருந்து எரிபொருள்

குளத்து நீரின்மேல் பச்சைப் போர்வை விரித்தாற்போலப் படர்ந்து கிடக்கும் பாசியை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். படித்துறையில் கால் வழுக்கச் செய்வதும் குடிநீரைக் கெடுப்பதுமே அதன் தொழில் என்று எண்ணி வந்திருக்கிறோம். அந்தப் பாசியிலிருந்து டீசல் எஞ்சினை ஓட்டத்தக்க எண்ணெய் எடுக்கலாம் என்று கேட்டால் முதலில் வியப்பே தோன்றும். ஆயினும் அது மெய். அந்த எண்ணெயைக் கொண்டு கார் ஓடியிருக்கிறது. ஆகாய விமானமும் பறந்திருக்கிறது. அவ்வாறாயின் அது நம் ஊர் எரிபொருள் நிலையத்திற்கு இன்னும் ஏன் வந்து சேரவில்லை? இக்கேள்விக்குரிய விடையை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

நம் நாட்டுக்கு இது வெறும் அறிவு வேட்கையைச் சார்ந்த கேள்வியன்று. நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100க்கு 85 பங்குக்கு மேல் அயல்நாடுகளிலிருந்தே வாங்குகிறோம். எங்கோ போர் மூண்டால் இங்கே லாரி வாடகை ஏறுகிறது. லாரி வாடகை ஏறினால் காய்கறி விலையும் ஏறுகிறது. ஆகவே உள்நாட்டிலேயே எரிபொருள் விளைவிக்கலாம் என்று எவர் கூறினும் நாம் செவிசாய்ப்பது இயல்பு. அதே காரணத்தால், கூறப்படுவதை நிறுத்துப் பார்ப்பதும் நமக்குக் கடமையாகிறது.

பாசியும் அதன் எண்ணெயும்

பாசி என்பது ஒரே இனம் அன்று. கடலில் பல அடி நீளம் வளரும் கடற்பாசியும் உண்டு. பூதக்கண்ணாடியின்றிக் காணவியலாத ஓரணு உயிர்களும் உண்டு. எரிபொருளுக்கென ஆராயப்படுபவை பெரும்பாலும் இந்த நுண்பாசிகளே. வேர், தண்டு, கிளை, பூ என்னும் உறுப்புகள் இவற்றுக்கு இல்லை. தென்னை மரம் தான் சேர்க்கும் சக்தியின் பெரும்பகுதியைத் தண்டையும் ஓலையையும் வளர்ப்பதில் செலவிட்டு, ஒரு சிறு பகுதியையே தேங்காயில் எண்ணெயாக வைக்கிறது. நுண்பாசியின் ஒவ்வோர் உயிரணுவும் இலைபோல் வெயிலை வாங்குகிறது. வித்துப்போல் கொழுப்பையும் சேர்த்து வைக்கிறது. நல்ல வெயிலும், நீரில் கரைந்த கரியமில வாயுவும், நைட்ரஜன், பாஸ்பரஸ் முதலிய உரச் சத்துக்களும் கிடைத்தால், பல இனங்கள் ஒரே நாளில் இரு மடங்காகப் பெருகக்கூடியவை.

பாசியின் எண்ணெய் நாம் சமையலுக்குக் கொள்ளும் எண்ணெய்களைப் போன்ற கொழுப்பேயாகும். அதனுடன் மெதனால் என்னும் சாராய வகையைச் சேர்த்து வினைபுரியச் செய்தால் ‘பயோடீசல்’ கிடைக்கிறது. ஹைட்ரஜனைச் சேர்த்துப் பக்குவம் செய்தால், மண்ணெண்ணெயை ஒத்த விமான எரிபொருளும் கிடைக்கிறது. இந்த ரசாயன முறைகள் நன்கு அறியப்பட்டவை. பாசி எரிபொருளின் சங்கடங்கள் இவற்றில் இல்லை. அவை அதற்கு முந்தைய படிகளில் இருக்கின்றன.

பழையதொரு கனவு

பாசியைப் பயிராக்கும் எண்ணம் புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே ஜெர்மானிய விஞ்ஞானிகள் டயாட்டம் என்னும் பாசி வகையிலிருந்து கொழுப்பு எடுக்க முயன்றனர். 1951ல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு கட்டடத்தின் மாடியில் குளோரெல்லா என்னும் பாசியை வளர்த்துப் பரீட்சித்தனர். அந்த அனுபவங்களைத் தொகுத்து, கார்னெகி ஸ்தாபனம் 1953ல் ஒரு நூலே வெளியிட்டது. அக்காலத்தில் பெரிதும் எண்ணப்பட்டது உணவுப் பஞ்சம். ஆகவே பாசியை உணவாகவே பார்த்தனர். பெர்க்லி நகரில் ஆஸ்வால்டும் கோலுக்கேயும் சாக்கடை நீரில் பாசியை வளர்த்து, அதைப் புளிக்கவைத்து எரிவாயு பெறும் திட்டத்தை 1960ல் வெளியிட்டனர்.

1973ல் எண்ணெய் விலை திடீரென உயர்ந்தபின் இந்த எண்ணம் வலுப்பெற்றது. அமெரிக்க அரசாங்கம் 1978ல் ஒரு நீண்ட ஆராய்ச்சியைத் தொடங்கிற்று. அதன்கீழ் விஞ்ஞானிகள் ஏரி, உப்பங்கழி, கடற்கரை எனப் பல இடங்களிலிருந்து 3,000க்கும் மேற்பட்ட பாசி வகைகளைச் சேகரித்து, அவற்றுள் சுமார் 300ஐத் தகுதியுடையவை எனத் தேர்ந்தனர். நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ராஸ்வெல் என்னும் ஊரில் 1,000 சதுர மீட்டர் பரப்புள்ள குளங்களை வெட்டிப் பயிரிட்டனர். சில நாட்களில் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிராம் வரை உலர்ந்த பாசி கிடைத்தது. ஆனால் பொதுவான விளைச்சல் 10 கிராம் அளவிலேயே நின்றது. பாலைவன இரவுகளின் குளிர் அதற்கு முக்கிய காரணம். 1996ல் அத்திட்டம் முடிவுற்றது. 1998ல் வெளியான அறிக்கை, பாசியின் உயிரியல் பற்றி மிகத் தாராளமான அனுமானங்களைக் கொண்டாலும் அதன் எண்ணெய் அன்றைய டீசலைப்போல் இரு மடங்கு விலையாகும் எனக் கணக்கிட்டது.

ஒரு நல்ல நாளின் 50 கிராமுக்கும் பொதுவான 10 கிராமுக்கும் உள்ள இடைவெளியை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். ஆராய்ச்சிக்கூடத்துக் கண்ணாடிக் குடுவையில் கண்ட விளைச்சலைப் பெருக்கல் கணக்கால் ஆயிரம் ஹெக்டேருக்கு விரிப்பது எளிது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

விளைச்சலின் கணக்கு

நியாயமான ஓர் அளவை எடுத்துக்கொண்டு நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். நம் நாட்டு வெயில் ராஸ்வெல் வெயிலினும் ஆண்டு முழுவதும் இதமானது. ஆகவே ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 20 கிராம் உலர்ந்த பாசி விளைவதாகக் கொள்வோம். ஒரு ஹெக்டேருக்கு இது 200 கிலோ ஆகும். ஆண்டில் 330 நாட்கள் தவறாது விளைந்தால் 66 டன். அதில் கால் பங்கு எண்ணெய் என்றால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 16 டன் எண்ணெய். எண்ணெய் வித்துக்களில் மிகுதியாகத் தரும் செம்பனை ஹெக்டேருக்கு 4 டன் அளவில் தருகிறது. நிலக்கடலை தருவதோ அதனினும் மிகக் குறைவு.

இங்கேதான் பாசியின் உண்மையான சிறப்பு விளங்குகிறது. மேலும், இதற்கு நெல் விளையும் நன்செய் வேண்டியதில்லை. களர் நிலமும் உவர் நிலமும் போதும். கடல் நீரிலும் உப்பு நீரிலும் வளரும் இனங்களும் உண்டு. சோற்றுக்கும் எரிபொருளுக்கும் இடையே நிலத்துக்காகப் போட்டி எழாது. நம் நாடு 2023-24ஆம் ஆண்டில் சுமார் 9 கோடி டன் டீசலைச் செலவிட்டது. அதில் பத்தில் ஒரு பங்கைப் பாசியால் ஈடுசெய்ய, மேற்கண்ட கணக்குப்படி 6 லட்சம் ஹெக்டேருக்கும் குறைந்த பரப்பே வேண்டும். இவ்வளவு தரிசு நிலம் நம் நாட்டில் இல்லாமற் போகவில்லை. ஆகவே நிலத்தைப் பொறுத்தவரை பாசியின் வழக்கு வலுவானதே. இனி நீர், உரம், சக்தி என்னும் மூன்றின் கணக்கையும் பார்க்க வேண்டும்.

சுமைகூலிக் கணக்கு

முதலில் சக்தியைப் பார்ப்போம். பாசி பயிரிடும் குளம் ஓட்டப்பந்தயப் பாதைபோல் நீள்வட்டமாக, முழங்கால் அளவுக்கும் குறைந்த ஆழத்தில் அமைக்கப்படுகிறது. துடுப்புச் சக்கரமொன்று நீரை இடைவிடாது சுழற்றிக்கொண்டிருக்கும். இவ்வாறு வளரும் பாசி, கண்ணுக்குக் கரும்பச்சைக் குழம்புபோல் தோன்றினும், ஒரு லிட்டர் நீரில் அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரையே இருக்கும். ஆகவே ஒரு கிலோ உலர்ந்த பாசி பெற 1,000 முதல் 2,000 லிட்டர் நீரை இறைத்து வடிக்க வேண்டும். அதிலிருந்து கிடைக்கும் எண்ணெயோ கால் கிலோ. நெல்லை அரிவாள் கொண்டு அறுப்பதுபோல் இதை அறுக்க முடியாது. சாதாரணத் துணி வடிகட்டியில் நுண்பாசி நழுவிவிடும். அல்லது அதை அடைத்துக்கொள்ளும். முதலில் நீரில் படியச் செய்து, பின்னர் மையவிலக்கு யந்திரத்தில் சுழற்றி, தயிர் போன்ற பதத்துக்குக் கொண்டுவருகின்றனர்.

அந்தத் தயிரிலும் ஐந்தில் நான்கு பங்கு நீரே. அதாவது ஒரு கிலோ பாசியுடன் 4 கிலோ நீர் எஞ்சி நிற்கும். எண்ணெய் எடுக்கும் பழைய முறைக்குப் பாசி உலர்ந்திருக்க வேண்டும். ஒரு கிலோ நீரைக் காய்ச்சி ஆவியாக்கச் சுமார் 610 கிலோ கலோரி உஷ்ணம் செலவாகும்; 4 கிலோ நீருக்கு 2,440. கிடைக்கும் கால் கிலோ எண்ணெயை முழுவதும் எரித்தாலும் வரும் உஷ்ணம் சுமார் 2,250 கிலோ கலோரியே. உலர்த்துவதற்கு மட்டுமே, எடுத்த எண்ணெயின் சக்திக்கு மேல் செலவாகிவிடுகிறது! குளத்தைச் சுழற்றவும், நீர் இறைக்கவும், யந்திரத்தை ஓட்டவும் ஆகும் சக்தி இதில் இன்னும் சேரவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

வெயிலில் உலர்த்தலாமே என்று கேட்கலாம். அதற்குப் பரந்த களம் வேண்டும். மழைக்காலத்தில் வேலை நிற்கும். உலர்வதற்குள் எண்ணெய் கெட்டுப் போவதும் உண்டு. ஆகவேதான் ஆராய்ச்சியாளர் வேறொரு வழியை நாடினர். ஈரக் குழம்பையே 300 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்திலும் பேரழுத்தத்திலும் வேகவைத்தால், நீர் ஆவியாகாமலே பாசியிலிருந்து கச்சா எண்ணெய் போன்ற கரிய திரவம் கிடைக்கிறது. பூமியின் வயிற்றில் நெடுங்காலம் நடந்த வேலையை ஒரு மணி நேரத்திற்குள் முடிப்பது போன்றது இது. கொழுப்பு மட்டுமன்றிப் பாசியின் மற்றப் பகுதிகளும் எண்ணெயாகின்றன என்பதும் இதில் ஒரு நன்மை. ஆயினும் அத்தகைய அழுத்தத்தைத் தாங்கும் கலங்கள் விலை மிக்கவை. அந்த எண்ணெயில் நைட்ரஜன் மிகுந்திருப்பதால் அதைத் தூய்மை செய்யவும் செலவு கூடுகிறது.

உரமும் நீரும்

அடுத்தது உரம். உலர்ந்த பாசியில் 100க்கு 5 பங்குக்குக் குறையாமல் நைட்ரஜன் உண்டு. பாஸ்பரஸும் சிறிது உண்டு. வானத்திலிருந்து இவை வருவதில்லை. உரமாக இட வேண்டும். பத்தில் ஒரு பங்கு டீசலுக்கு முன்னே கண்ட கணக்கையே தொடர்வோம். அதற்குச் சுமார் 3.6 கோடி டன் பாசி வேண்டும். அதற்கு 18 லட்சம் டன் நைட்ரஜன் தேவை. நம் வேளாண்மை முழுவதும் ஆண்டொன்றுக்குக் கொள்ளும் நைட்ரஜன் ஏறத்தாழ 2 கோடி டன். ஆகவே டீசலில் பத்தில் ஒரு பங்கை மிச்சப்படுத்த, நாட்டின் எல்லா வயல்களுக்கும் இடும் நைட்ரஜன் உரத்தில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கைக் குளத்தில் கொட்ட வேண்டியிருக்கும். அந்த உரமும் இயற்கை எரிவாயுவைக் கொண்டே செய்யப்படுகிறது. பாஸ்பேட் தாதுவையோ பெரும்பகுதி அயல்நாட்டிலிருந்து வாங்குகிறோம். எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கப் புறப்பட்டு, உர இறக்குமதியைப் பெருக்கி நிற்க நேரலாம்.

காற்றிலுள்ள நைட்ரஜனைத் தாமே பிடித்துக்கொள்ளும் நீலப்பச்சைப் பாசிகள் உண்டு என்பதை நாம் அறிவோம். நெல்வயல்களின் வளத்துக்கு அவை துணையாவதை 1939ல் நம் நாட்டு விஞ்ஞானி பி. கே. டே எடுத்துக் காட்டினார். ஆனால் அவ்வினத்தவை பெரும்பாலும் எண்ணெயை மிகுதியாகச் சேர்ப்பதில்லை. எண்ணெய் சேர்க்கும் இனங்களிலும் இயற்கை ஒரு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறது. நைட்ரஜன் தாராளமாகக் கிடைக்கும்போது பாசி விரைந்து பெருகும். ஆனால் கொழுப்புச் சேர்க்காது. நைட்ரஜனை நிறுத்திப் பட்டினி போட்டால் கொழுப்புச் சேரும். ஆனால் பெருக்கம் நின்றுவிடும். விளம்பரங்களில் காணும் உயர்ந்த எண்ணெய் அளவும் உயர்ந்த விளைச்சலும் ஒரே குளத்தில் ஒரே காலத்தில் கிடைப்பதில்லை.

மூன்றாவது நீர். திறந்த குளத்திலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று கொண்டால், ஒரு ஹெக்டேருக்கு 50,000 லிட்டர் நீர் வானுக்குப் போகும். அதே நாளில் அக்குளம் தரும் எண்ணெய் சுமார் 55 லிட்டர். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ 900 லிட்டர் நீர் ஆவியாகிறது! கடல் நீரைப் பயன்படுத்தினாலும் இக்கவலை முற்றிலும் தீர்வதில்லை. நீர் ஆவியாக ஆக உப்பு மிகும். அதைத் தணிக்க நன்னீர் ஊற்ற வேண்டும், அல்லது உப்பு நீரை அடிக்கடி வெளியேற்றிப் புதுக் கடல் நீரை இறைக்க வேண்டும். மூடிய கண்ணாடிக் குழாய்களில் வளர்த்தால் ஆவியாவது குறையும். ஆயினும் குழாய்கள் விலை மிக்கவை. வெயிலில் அவை சூடேறுவதால் குளிர்விக்கவும் வேண்டியிருக்கும். திறந்த குளத்துக்கோ வேறோர் ஆபத்தும் உண்டு. காற்றில் வரும் வேற்றுப் பாசிகள் களைபோல் புகும். பாசியை மேயும் நுண்ணுயிர்கள் புகுந்தால், வாரக்கணக்கில் வளர்த்தது இரண்டொரு நாளில் அழிந்துவிடும்.

அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 2012ல் வெளியிட்ட அறிக்கையில் இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தது. அந்நாட்டின் போக்குவரத்து எரிபொருளில் 100க்கு 5 பங்கை, அதாவது 3,900 கோடி லிட்டரை, பாசியால் பெற முனைந்தால், அந்நாடு முழுவதும் பயன்படுத்தும் நைட்ரஜனில் 44 முதல் 107 சதவிகிதம் வரையும், பாஸ்பரஸில் 20 முதல் 51 சதவிகிதம் வரையும் அதற்கே தேவைப்படலாம் எனக் கண்டது. அன்றைய முறைகளைக் கொண்டு அந்த அளவை எட்டுவது நிலைத்து நடத்தக்கதன்று என அது முடிவு செய்தது. ஆனால் இத்தடைகள் தாண்டவே முடியாதவை என்று அது கூறவில்லை. உரத்தையும் நீரையும் மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் வழி காண வேண்டும் என்றே வற்புறுத்தியது.

பணம் சென்ற வழி

2008ல் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் 147 டாலர் வரை ஏறியபோது பல கம்பெனிகள் இத்துறையில் இறங்கின. 2009 ஜனவரியில் ஹூஸ்டன் நகரிலிருந்து பாசி எண்ணெயும் காட்டாமணக்கு எண்ணெயும் கலந்த எரிபொருளுடன் ஒரு பயணி விமானம் சோதனையாகப் பறந்தது. அதே ஆண்டில் எக்ஸான் கம்பெனி, ஒரு மரபணு ஆராய்ச்சிக் கம்பெனியுடன் சேர்ந்து 60 கோடி டாலர் வரை செலவிடப் போவதாக அறிவித்தது. அவர்கள் வெறுங்கையுடன் நிற்கவில்லை. வளர்ச்சியைக் குறைக்காமலே ஒரு பாசியின் எண்ணெயை 20 சதவிகிதத்திலிருந்து 40 சதவிகிதத்துக்கு மேல் உயர்த்தியதாக 2017ல் அறிவித்தனர். முன்னே கூறிய கொடுக்கல் வாங்கலைத் தளர்த்தலாம் என்பதற்கு இது நல்ல சான்று. எனினும் 2023ல் எக்ஸான் அம்முயற்சிக்கு நிதி வழங்குவதை நிறுத்திவிட்டது. சொலாஸைம் என்னும் மற்றொரு கம்பெனி, இருட்டுத் தொட்டிகளில் சர்க்கரையை ஊட்டிப் பாசியை வளர்த்தது. 2011 முடிவில் அமெரிக்கக் கடற்படை, பழைய சமையற் கொழுப்பிலிருந்தும் அந்தப் பாசியிலிருந்தும் ஆன எரிபொருளை ஒரு காலன் 26 டாலர் என்னும் விலைக்கு வாங்கியது. அது சாதாரண எரிபொருளின் விலையைப்போல் பல மடங்கு. பின்னர் அக்கம்பெனி எரிபொருளை விட்டு உணவுப் பொருளுக்குத் திரும்பிற்று, 2017ல் திவாலாயிற்று.

எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் பாசியின்மேல் ஆசை பெருகுவதும், விலை இறங்கியதும் ஆராய்ச்சி கைவிடப்படுவதும் இவ்வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு பயிரை நிலத்துக்கு ஏற்றதாக்க உழவர்கள் பல தலைமுறை உழைத்திருக்கிறார்கள். பாசிக்கு அத்தகைய தொடர்ந்த உழைப்பு இன்னும் வாய்க்கவில்லை என்பதையும் நடுநிலையுடன் கூற வேண்டும்.

கரியமில வாயுவைப் பற்றிய வாதம்

பாசியின் சார்பில் இன்னொரு வாதமும் கூறப்படுகிறது. ஒரு கிலோ பாசி வளர 1.8 கிலோ கரியமில வாயு வேண்டும். அனல் மின் நிலையத்தின் புகையை ஊட்டினால் வானம் தூய்மையாகும் என்பர். இதில் பாதி உண்மை உண்டு. பாசி அவ்வாயுவை ஏற்பது மெய்யே. ஆனால் அந்த எண்ணெயை எஞ்சினில் எரித்தவுடன் வாயு மீண்டும் வானுக்கே போய்விடுகிறது. நிலக்கரியின் கரியை ஒருமுறைக்கு இருமுறை பயன்படுத்துகிறோம் என்பதே பொருள். அதைப் புதைத்து வைத்தோம் என்று பொருளன்று. தவிர, மின் நிலையம் இரவிலும் புகை விடுகிறது; பாசியோ இரவில் அதை ஏற்பதில்லை.

வெயிலைப் பயன்படுத்தும் திறத்தையும் ஒப்பிட வேண்டும். நம் நாட்டில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு விழும் வெயிலின் சக்தியில், மேற்கண்ட விளைச்சலில் எண்ணெயாக வந்து சேர்வது 100க்கு ஒரு பங்கே. அதே இடத்தில் வைக்கும் சூரிய மின்பலகை 20 பங்கு அளவில் மின்சாரமாக மாற்றுகிறது. ஆகவே மின்சாரத்தால் ஓடக்கூடிய கார், பஸ், ரயில் ஆகியவற்றுக்குப் பாசியை நாடுவதில் பொருளில்லை. கனத்த பாட்டரியைச் சுமந்து நெடுந்தூரம் பறக்க இயலாத விமானத்துக்கும், பெருங்கடலைக் கடக்கும் கப்பலுக்குமே திரவ எரிபொருள் நீண்ட காலம் தேவைப்படும். பாசி எண்ணெய் நாட வேண்டிய சந்தை அதுவே. 2021ல் ஜப்பானில் பாசியிலிருந்து ஆன எரிபொருளைக் கலந்து பயணி விமானம் செலுத்தப்பட்டது இந்நோக்கத்தையே காட்டுகிறது.

நம் நாட்டின் நிலை

பாசியைப் பற்றிய அறிவில் நம் நாடு பின்தங்கியதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படுகிறார். பவநகரிலுள்ள மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையத்தார், பாசியிலிருந்து எடுத்த டீசலை 100க்கு 20 பங்கு கலந்து 2012ல் கார் ஓட்டிக் காட்டினர். மத்திய அரசாங்கம் 2018ல் வெளியிட்ட உயிரி எரிபொருள் கொள்கையிலும் பாசிக்கு இடமளிக்கப்பட்டுள்ளது. புதுக்கோட்டை மாவட்டத்து ஊனையூரில் ஸ்பைருலினா என்னும் பாசியைத் திறந்த குளங்களில் பயிரிட்டு உணவுச் சத்தாக விற்கிறார்கள். பாசியைப் பெரிய அளவில் ஒழுங்காக வளர்க்க நம்மால் முடியும் என்பதற்கு அது கண்கூடான சான்று. ஆனால் அங்கே விளையும் பொருள் கிலோ சில நூறு ரூபாய்க்கு விலைபோகும். டீசலோ லிட்டர் நூறு ரூபாய் அளவில் விற்க வேண்டிய பொருள்; அந்த ஒரு லிட்டருக்கோ நாலு கிலோ அளவில் பாசி வேண்டும். ஒரே குளத்தின் விளைவை உணவாக விற்றால் ஆதாயம், எரிபொருளாக விற்றால் நஷ்டம் என்னும் நிலையை இது தெளிவாக்குகிறது.

காட்டாமணக்கைப் பற்றிய அனுபவமும் நமக்குப் பாடமாக வேண்டும். 2003ல் அதைத் தரிசு நிலத்தின் தங்கமெனக் கொண்டாடினோம். நீரும் உரமும் இன்றித் தரிசில் நட்ட செடிகள் எதிர்பார்த்த காயைத் தரவில்லை. அதை நம்பி நட்ட பல சிறு உழவர்கள் பயனின்றி அவற்றைப் பிடுங்கினர். அடுத்த பயிரின் பெயரைச் சொல்லி அத்தகைய நம்பிக்கையை மறுபடியும் ஊட்டும் முன் கணக்கு தீர இருக்க வேண்டும்.

அவ்வாறாயின் பாசியை அடியோடு கைவிடுவதா? வேண்டியதில்லை. நம் நகரங்களின் சாக்கடை நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வீணே போகின்றன. ஆற்றையும் ஏரியையும் கெடுக்கின்றன. அந்நீரைப் பாசிக் குளத்தில் நிறுத்தினால் உரம் இலவசம், நீரும் இலவசம், பாசி விடும் பிராணவாயுவால் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களும் செழிக்கும். பிறகு பாசியை உலர்த்தாமலே சாண எரிவாயுக் கலம் போன்றதொன்றில் புளிக்கவைத்து எரிவாயு பெறலாம். இது ஆஸ்வால்டின் பழைய திட்டமே. ஸ்பெயின் நாட்டின் சிக்கிலானா என்னும் ஊரில் 2011ல் தொடங்கிய முயற்சியில் இவ்வாறு பெற்ற வாயுவால் கார்களை ஓட்டியிருக்கிறார்கள். இங்கே நகரசபை கழிவு நீரைச் சுத்தம் செய்ய எப்படியும் பணம் செலவிட்டாக வேண்டும். அச்செலவைப் பாசி குறைக்கிறது. எரிவாயு அதன்மேல் வரும் லாபம். வெயில் மிகுந்து, குளிர்காலம் மென்மையாக உள்ள நம் ஊர்களுக்கு இம்முறை மிகவும் ஏற்றது. குளத்துக்கு இடம் மிகுதியாக வேண்டுமாதலால், நெருக்கமான பெருநகரங்களை விடச் சிறு நகரங்களிலேயே இதைத் தொடங்குவது எளிது.

மற்றொரு வழி, பாசியிலிருந்து முதலில் விலையுயர்ந்த சத்துக்களையும் நிறப்பொருள்களையும் பிரித்து விற்று, எஞ்சியதை எரிபொருளாகவோ கால்நடைத் தீவனமாகவோ ஆக்குவது. ஆனால் சத்துப் பொருளின் சந்தை சிறிது. எரிபொருளின் சந்தை கடல்போன்றது. ஒன்றின் துணையால் மற்றொன்றைத் தாங்குவதற்கு ஓர் எல்லையுண்டு.

பாசியிலிருந்து பெட்ரோல் வந்துவிட்டது என்னும் செய்தி இனியும் அவ்வப்போது பத்திரிகையில் வரும். அப்போது நாம் கேட்கத்தக்க கேள்விகள் சில உண்டு. கூறப்படும் விளைச்சல் ஒரு நல்ல நாளினதா, ஓராண்டின் சராசரியா? பாசியை வடித்து உலர்த்திய சக்தியைக் கழித்தபின் எஞ்சுவது எவ்வளவு? உரமும் நீரும் எங்கிருந்து வந்தன? இவற்றுக்கு நேரான விடை கிடைக்குமானால், அம்முயற்சிக்கு நாம் ஆதரவளிக்கலாம். பொதுப் பணத்தையும் தயங்காமல் செலவிடலாம். விடை கிடைக்காவிடில், இன்னும் சில ஆண்டுகள் ஆராய்ச்சிக்கூடத்திலேயே அது இருக்கட்டும் என்று கூறுவது தவறாகாது. அதுவரை நம் ஊர்ச் சாக்கடை நீரைப் பாசியிடம் ஒப்படைத்துத் தூய்மை செய்யும் வேலையை இன்றே தொடங்கலாம். அதற்கு வேண்டிய அறிவு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.